பச்சை விளக்கு எரிந்தாலும் திரும்புவோர் வழிவிட வேண்டும்: சிக்னல் சந்திப்பில் முன்னுரிமை யாருக்கு?

புதுடெல்லி: சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தவுடன் ஓட்டுநர் ஒருவர் தமது காரை இடப்புறமாகத் திருப்புகிறார். அவர் நுழையவிருக்கும் சாலையை, பாதசாரிகளுக்கான பச்சை உருவம் ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, முதியவர் ஒருவர் கடந்துகொண்டிருக்கிறார். இருவரில் எவரும் விளக்கை மீறவில்லை. ஆயினும் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றனர். அங்கே நிற்க வேண்டியவர் யார்?

காரோட்டிதான் நிற்க வேண்டும் என்பதில் போக்குவரத்து விதிகளில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் நாட்டின் பெரும்பாலான சந்திப்புகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவார். முதியவர் இரண்டடி பின்வாங்குவார். பச்சை விளக்கு என்பது சந்திப்புக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே, அங்குள்ள அனைவருக்கும் முன்னதாகச் செல்வதற்கான உரிமை அன்று என்ற வேறுபாடு, ஓட்டுநர் உரிமம் பெற்றவர்களிடையேகூடப் பரவலாக உணரப்படவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 118-ஆவது பிரிவு, வாகனம் ஓட்டுவது தொடர்பான ஒழுங்குமுறைகளை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. அதன்படி 1989-ஆம் ஆண்டு சாலை விதிகள் ஒழுங்குமுறை கொண்டுவரப்பட்டது. சுமார் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடைமுறையில் இருந்த அதன் இடத்தில், 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அறிவிக்கை செய்யப்பட்டன. சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறருக்கு ஆபத்து நேராது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே உள்ளே நுழைய வேண்டும். திரும்பும் வாகனம், எதிரே நேராக வருவோருக்கும் சாலையைக் கடப்போருக்கும் வழிவிட வேண்டும் என்பதே இந்த விதிகளின் சாரம்.

விளக்கோ காவலரோ இல்லாத சந்திப்புக்கு விதி வேறு. பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட சாலையில் செல்லும் வாகனங்களுக்கு, கிளைச் சாலையிலிருந்து வருவோர் வழிவிட வேண்டும். பிரதான சாலை எது என்று குறிக்கப்படாத இடத்தில், தமது வலப்புறத்திலிருந்து வரும் வாகனங்களுக்கு வழிவிட வேண்டும். பழகுநர் உரிமத்துக்கான கணினித் தேர்வில் இது வழக்கமாக இடம்பெறும் வினாக்களுள் ஒன்று என்பதால், பலருக்கும் இந்த விதி மனப்பாடமாக இருக்கிறது. விளக்கு உள்ள சந்திப்பில் திரும்பும்போது யாருக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. விளக்கு இருப்பதாலேயே முன்னுரிமையை அது தீர்மானித்துவிடும் என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம்.

நான்கு பச்சை, ஓர் இடைவெளியும் இல்லை

இந்த எண்ணம் எவ்வாறு வேரூன்றியது என்பதை அறிய, இந்திய நகரங்களில் சிக்னல் இயங்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நான்கு சாலைகள் கூடும் சந்திப்பை இரண்டு விதங்களில் இயக்கலாம். முதல் முறையில், வடக்கிலும் தெற்கிலும் இருந்து வருவோருக்கு ஒரே நேரத்தில் பச்சை எரியும். அடுத்து கிழக்கிலும் மேற்கிலும் இருந்து வருவோருக்கு எரியும். இந்த ஏற்பாட்டில், வலப்புறம் திரும்புவோர் எதிரே நேராக வரும் வாகனங்களைக் குறுக்கே கடந்தாக வேண்டும். எனவே அவர்கள் சந்திப்பின் நடுப்பகுதி வரை சென்று, எதிர்வரிசையில் இடைவெளி கிடைக்கும் வரை காத்திருந்து திரும்ப வேண்டும். வழிவிடும் பழக்கம் இல்லாவிட்டால் இந்த முறை ஒரு சுற்றுக்கூடச் சீராக ஓடாது.

இரண்டாவது முறையில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே பச்சை எரியும். தெற்கிலிருந்து வருவோர் நேராகவும் இடப்புறமாகவும் வலப்புறமாகவும் செல்லும்போது மற்ற மூன்று திசைகளிலும் சிவப்பு எரியும். எதிரே எவரும் வராததால், வலப்புறம் திரும்புவோர் எவருக்கும் வழிவிட வேண்டிய தேவை எழாது. நாட்டின் பல நகரங்களில், பெரிய சந்திப்புகள் இம்முறையில்தான் இயங்குகின்றன. வாகனங்கள் நேருக்கு நேர் மோதும் வாய்ப்பை இது பெருமளவு குறைக்கிறது என்பது உண்மை. அதே சமயம், தமக்குப் பச்சை எரியும்போது சந்திப்பு முழுவதும் தமக்கே உரியது என்ற மனப்பான்மையையும் இது ஓட்டுநரிடம் வளர்த்துவிடுகிறது. அத்தகைய ஓட்டுநர் முதல் முறையில் இயங்கும் சந்திப்புக்கு வரும்போது, எதிரே வருபவரை முந்திக்கொண்டு வலப்புறம் திரும்ப முயல்கிறார்.

இதைவிடப் பெரிய பாதிப்பு நடந்து செல்வோருக்கே. சந்திப்பின் மேற்குச் சாலையைக் கடக்க ஒருவர் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சாலையின் ஒரு பாதி சந்திப்பை நோக்கி வரும் வாகனங்களுக்கும், மறு பாதி சந்திப்பிலிருந்து வெளியேறும் வாகனங்களுக்கும் உரியது. மேற்குக்குப் பச்சை எரியும்போது, முதல் பாதியில் வாகனங்கள் பாய்ந்து வரும். தெற்குக்குப் பச்சை எரியும்போது, இடப்புறம் திரும்பும் வாகனங்கள் மறு பாதியில் நுழையும். கிழக்குக்கு எரியும்போது நேராக வருபவை நுழையும். வடக்குக்கு எரியும்போது வலப்புறம் திரும்புபவை நுழையும். நான்கு திசைகளுக்கும் பச்சை எரிந்து ஒரு சுற்று முடிந்துவிடும். அச்சாலை முழுவதும் வெறுமையாக இருக்கும் ஒரு நொடிகூட அந்தப் பாதசாரிக்குக் கிடைத்திராது.

இதற்கு இரண்டு தீர்வுகளே உள்ளன. எல்லாத் திசைகளிலும் வாகனங்களை நிறுத்தி, நடப்போருக்கெனத் தனி நேரம் ஒதுக்குவது ஒன்று. தெற்குக்கும் வடக்குக்கும் பச்சை எரியும் நேரத்தில், மேற்குச் சாலைக்குள் திரும்புகிறவர்கள் அச்சாலையைக் கடப்போருக்காக நின்று வழிவிடுவது மற்றொன்று. தனி நேரம் ஒதுக்கப்படாத சந்திப்பில், நடப்பவர் சாலையைக் கடப்பது முழுக்க முழுக்கத் திரும்பும் ஓட்டுநரின் கையிலேயே இருக்கிறது. வழிவிடுதல் என்பதைச் சாலை நாகரிகமாகவோ பெருந்தன்மையாகவோ கருதுவது இதனால்தான் பொருந்தாது. அது இல்லையென்றால் பாதசாரிக்கான பச்சை உருவத்துக்கே பொருள் இல்லை.

ஒருவர் நொடிக்கு சுமார் 1.2 மீட்டர் நடப்பார் என்ற அடிப்படையில் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுவது பொறியியலாளர்களின் வழக்கம். அதன்படி 18 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 15 நொடிகள் ஆகும். முதியோருக்கும், குழந்தையை இடுப்பில் சுமந்து செல்வோருக்கும், ஊன்றுகோலுடன் நடப்போருக்கும் இந்த நேரம் போதாது. திரும்பும் கார் ஒன்றுக்காக நடுவழியில் நின்றுவிட்டால், அவர்கள் மறுகரை சேர்வதற்குள் அடுத்த திசைக்குப் பச்சை எரியத் தொடங்கிவிடும்.

'ஃப்ரீ லெஃப்ட்' யாருக்கு ஃப்ரீ?

இடப்புறம் திரும்ப விளக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. சிவப்பு எரிகையில் இடப்புறம் திரும்புவது எல்லா இடங்களுக்கும் பொருந்தும் உரிமை அன்று. அதற்கு அனுமதி அளிக்கும் பலகையோ, இடப்புறம் காட்டும் பச்சை அம்புக்குறியோ அந்தச் சந்திப்பில் இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில், நேராகச் செல்வோரைப் போலவே இடப்புறம் திரும்புவோரும் நிறுத்தக் கோட்டுக்கு முன்பாக நின்றாக வேண்டும்.

பலகை இருந்தாலும் அது வழிவிடும் கடமையை நீக்குவதில்லை. விளக்குக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே அப்பலகையின் பொருள். மனிதருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதன்று. சிவப்பு விளக்கைக் கடந்து திரும்புகிறவர், வலப்புறத்திலிருந்து பச்சை விளக்கில் நேராக வரும் வாகனங்களுக்கும், குறுக்கே நடப்போருக்கும் என இரு தரப்புக்கும் வழிவிட வேண்டியவராகிறார். ஆனால் நடைமுறையில் அவரது பார்வை முழுவதும் வலப்புறத்திலேயே இருக்கும். வாகனங்கள் அங்கிருந்துதான் வரும். நடப்பவரோ அவருக்கு இடப்புறத்தில், நடைபாதையிலிருந்து இறங்குகிறார். இடப்புறத் திருப்பத்தில் பாதசாரிகள் அடிபடுவதற்கு வேகத்தைப் போலவே, தலை திரும்பியிருக்கும் திசையும் காரணமாகிறது.

டெல்லி, சண்டிகர் போன்ற நகரங்களில் இடப்புறம் திரும்புவோருக்கென வளைவான தனித் தடம் அமைக்கப்பட்ட சந்திப்புகள் பல உள்ளன. முக்கோண வடிவ மேடை ஒன்று இந்தத் தடத்தைப் பிரதான சாலையிலிருந்து பிரிக்கும். வளைவு அகலமாக இருப்பதால் வாகனங்கள் வேகம் குறையாமலே திரும்பிவிட முடிகிறது. நடந்து செல்பவர் முதலில் விளக்கே இல்லாத இந்தத் தடத்தைக் கடந்து மேடையை அடைந்து, பிறகு சிக்னலுக்காகக் காத்திருந்து, மறுபுறத்தில் மீண்டும் ஒரு தடத்தைக் கடக்க வேண்டும். இங்கு வரிக்குதிரைக் கோடுகள் தீட்டப்பட்டிருந்தால் அதில் கால் வைத்தவருக்கே முன்னுரிமை. வெள்ளை நிறத்தில் சிவப்பு விளிம்புடன் தலைகீழாக நிற்கும் முக்கோணப் பலகையும் அதையே அறிவிக்கிறது. இந்தியாவின் போக்குவரத்துக் குறியீடுகளில் இது எச்சரிக்கைப் பலகை அன்று. கட்டாயம் கீழ்ப்படிய வேண்டிய உத்தரவுப் பலகை என்பது குறிப்பிடத்தக்கது.

பேருந்தும் லாரியும் இடப்புறம் திரும்பும்போது வேறோர் ஆபத்து உண்டு. நீளமான வாகனம் திரும்புகையில் அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை; வளைவின் உட்புறமாகக் குறுக்கே வெட்டிச் செல்லும். இதை ஈடுசெய்ய, ஓட்டுநர் வாகனத்தை முதலில் சற்று வலப்புறம் ஒதுக்கிப் பின்னர் இடப்புறம் திருப்புவார். அப்போது நடைபாதையின் ஓரமாக ஓர் இடைவெளி திறக்கும். இருசக்கர வாகன ஓட்டி அதைத் தமக்குக் கிடைத்த வழி என்று எண்ணி நுழைந்துவிடுகிறார். இந்தியாவில் ஓட்டுநர் இருக்கை வலப்புறத்தில் இருப்பதால், உயரமான வாகனத்தின் இடப்புறப் பக்கவாட்டில் நெருங்கி நிற்பவர் அவர் பார்வைக்கு எளிதில் தென்படுவதில்லை. திரும்பும் கனரக வாகனத்துக்கும் நடைபாதைக்கும் இடையில் நுழையாதிருப்பது ஒன்றே இதற்கு வழி. இங்கு வழிவிட வேண்டியவர் யார் என்ற சட்ட விவாதம், பின்சக்கரத்துக்கு அடியில் இருப்பவருக்குப் பயன்படப் போவதில்லை.

வலப்புறம் திரும்புவோருக்கு விதி சுருக்கமானது. சாலையின் மையக்கோட்டை ஒட்டி வந்து, எதிரே நேராக வருவோர் அனைவரும் கடந்த பின்னர் திரும்பி, நுழையும் சாலையின் இடப்பக்கத்தைச் சேர வேண்டும். வலப்புறத்துக்கெனத் தனிப் பச்சை அம்பு எரிந்தால் எதிரே வருவோர் நிறுத்தப்பட்டிருப்பர் என்று கொள்ளலாம். வட்டமான முழுப் பச்சை விளக்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை. யூ-டர்ன் எடுப்பவர் ஏனைய அனைவருக்கும் வழிவிட்டே திரும்ப வேண்டும்.

சந்திப்பைக் கடந்து வெளியேற அப்பால் இடம் இல்லையெனில், பச்சை எரிந்தாலும் உள்ளே நுழையக் கூடாது. சில சந்திப்புகளின் நடுவே மஞ்சள் நிறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் வரையப்பட்டிருப்பது இதற்காகவே. விளக்கு ஒன்றைக் காட்ட, பணியிலுள்ள போக்குவரத்துக் காவலர் வேறொன்றைச் சைகை செய்தால், காவலரின் சைகையே செல்லும். நள்ளிரவில் மஞ்சள் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தால், அந்தச் சந்திப்பை விளக்கில்லாச் சந்திப்பாகவே கருதி வேகத்தைக் குறைத்து, வலப்புறம் வருவோருக்கு வழிவிட்டுக் கடக்க வேண்டும். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் முழுமையாக நின்ற பிறகே செல்லலாம்.

அபராதம் இருக்கிறது, பிடிப்பது அரிது

சிவப்பு விளக்கை மீறுவதை, அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாக 2019-ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் சேர்த்தது. 184-ஆவது பிரிவின்கீழ் முதல் முறை குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வழிவிடத் தவறுவது போன்ற ஒழுங்குமுறை மீறல்களுக்கு அதே திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 177ஏ பிரிவு பொருந்தும். அபராதம் 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வாகனம் ஆகியவற்றுக்கு வழிவிடாதவருக்கு 194இ பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

இவற்றில் சிவப்பு விளக்கை மீறுவோரைக் கண்டறிவது எளிது. விளக்கு சிவப்பாக இருந்ததா, வாகனம் நிறுத்தக் கோட்டைத் தாண்டியதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் கேமரா விடை அளித்துவிடும். திரும்பும் வாகனம் வழிவிட்டதா என்பது அத்தகைய கேள்வி அன்று. நடப்பவர் கால் வைத்திருந்தாரா, கார் வேகம் குறைத்ததா, அவர் தாமாக நின்றாரா அல்லது அஞ்சி நின்றாரா என்பதையெல்லாம் அங்கே நிற்கும் ஒருவர் பார்த்துத்தான் முடிவு செய்ய இயலும். பின்வாங்கிய பாதசாரி எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. அவர் பின்வாங்காமல் நடந்து, கார் அவர் மீது மோதினால்தான் அது வழக்காகிறது. அப்போது பேசப்படுவது 500 ரூபாய் அபராதம் அன்று. உயிரிழப்பு நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தமக்குப் பச்சை எரிந்தது என்பது மட்டும், கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டிலிருந்து ஓட்டுநரை விடுவித்துவிடாது.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாகின. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். இம்மரணங்கள் அனைத்தும் சந்திப்புகளில் நேர்ந்தவை அல்ல. எனினும் சாலையில் உயிரிழக்கும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், எந்த வாகனத்திலும் ஏறாதவர்.

சாலைப் பாதுகாப்பு தொடர்பாகக் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-ஆம் ஆண்டு தொடர்ந்த பொதுநல வழக்கில், 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. அந்த வழக்கு இன்னும் பல உத்தரவுகளுக்கு அடிப்படையாக இருந்து வருகிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் தெரிவித்தது. நடைபாதை முடிந்து, சந்திப்பு தொடங்கும் இடத்தில் அந்த உரிமை எவ்வாறு தொடரும் என்பது, சிக்னலை வடிவமைப்போரும் திரும்பும் ஓட்டுநரும் தரும் விடையைப் பொறுத்தது.

டெல்லி தந்த விடைகளுள் ஒன்று உச்ச நீதிமன்றத்தின் அருகிலேயே நிற்கிறது. திலக் மார்க், மதுரா சாலை, சிக்கந்தரா சாலை, பகதூர் ஷா ஜாபர் மார்க் ஆகியவை கூடும் பகுதியில் 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது. மின்தூக்கி வசதியுடன் மெட்ரோ நிலையங்களை இணைக்கும் இந்தப் பாலம் பயனுள்ளதே. ஆயினும், திரும்பும் வாகனங்களை நிற்க வைப்பதற்குப் பதிலாக நடக்கும் மனிதர்களை மேலே ஏற்றி அனுப்பும் ஏற்பாடு அது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. இவ்வளவு செலவில் எல்லாச் சந்திப்புகளுக்கும் பாலம் அமைக்க எந்த நகரத்தாலும் இயலாது.

செலவு குறைந்த வேறு ஏற்பாடுகளும் உள்ளன. திரும்பும் வாகனங்களுக்குப் பச்சை எரிவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே, அவர்கள் நுழையும் சாலையைக் கடப்போருக்குப் பச்சை காட்டுவது அவற்றுள் ஒன்று. நியூயார்க் உள்ளிட்ட நகரங்களில் இம்முறை நடைமுறையில் உள்ளது. வாகனம் நகரத் தொடங்கும்போது பாதசாரி ஏற்கெனவே நடுச்சாலையில், ஓட்டுநரின் கண்ணெதிரே இருப்பார். இதற்குப் புதிய கட்டுமானம் தேவையில்லை. சிக்னலின் நேர அமைப்பை மாற்றினால் போதும். இடப்புற வளைவைக் குறுக்கி, வேகம் குறையாமல் திரும்ப முடியாதபடி செய்வது மற்றொன்று.

பயிற்சி முறையிலும் குறை உண்டு. கண்பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் கோலுடன் சாலையைக் கடந்தால், அந்தக் கோலையே நிறுத்த அடையாளமாகக் கருதி வாகனத்தை நிறுத்த வேண்டும் என்பது பழகுநர் உரிமத் தேர்வின் வினாக்களுள் ஒன்று. பாதசாரிகள் கடக்குமிடத்தில் மக்கள் காத்திருந்தால் நின்று வழிவிட வேண்டும் என்பதும் அவ்வாறே கேட்கப்படுகிறது. திரையில் சரியான விடையைத் தொட்டவர், பின்னர் ஓட்டுநர் தேர்வுத் தளத்தில் 8 வடிவப் பாதையிலும் மேட்டிலும் வாகனத்தை ஓட்டிக் காட்டி உரிமம் பெறுகிறார். அந்தத் தளத்தில் எவரும் அவருக்குக் குறுக்கே நடப்பதில்லை.

பாதசாரிகளுக்கான பச்சை உருவம் விட்டுவிட்டு ஒளிரத் தொடங்கினால், புதிதாகச் சாலையில் இறங்கக் கூடாது. ஏற்கெனவே இறங்கியவர்கள் கடந்து முடிப்பதற்கான நேரம் அது. அவர்களில் கடைசி நபர் மறுபுற நடைபாதையில் ஏறும் வரை, திரும்பும் வாகனம் பாதசாரிகள் கடக்குமிடத்துக்கு முன்பாகவே நிற்க வேண்டும்; பின்னால் இருப்பவர் எத்தனை முறை ஒலிப்பானை அழுத்தினாலும் சரி.